நாலு கம்பியையும் கழற்றியது யார்?

டபுள் பேஸின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அண்ணி.

ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற வாத்தியம் அது. வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெரியப்பா இப்போது வாத்திய அறைத் தரையில் மல்லாந்து கிடந்தார். வயிற்றுப் பலகை குழிந்து, நடுவே நீளமாக விரிசல் விட்டிருந்தது. கம்பிகளைத் தாங்குகிற மரக் குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்ன அண்ணி தெரியுது உள்ளே? குடல்வாலா?" என்றான் வாலு.

வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். முன்மண்டை வழுக்கையான பிறகும் அது போகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்த அவனுடைய அண்ணி, வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, "வீட்ல உக்காந்து பேசற பேச்சை அங்கே வந்து பேசு" என்று கொழுந்தனையும் சேர்த்துக்கொண்டாள். அன்று ஆரம்பித்த பேச்சை அவன் இன்னும் நிறுத்தவில்லை.

"ஒரு குச்சி கிடக்கு" என்றாள் அண்ணி.

"முறிஞ்சதா?"

"முறியலை. ரெண்டு முனையும் அளவெடுத்துச் சீவின மாதிரி இருக்கு. எங்கேயோ நின்னுக்கிட்டிருந்தது, கழண்டு விழுந்திருக்கு."

பின்னால் மேசையோரம் நின்றிருந்த இசைக்குழு மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. குள்ளமான மனிதர். கோபம் மட்டும் ஆறடி. மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி, பிசகாமல். அந்தச் சத்தம் வாலுவின் மண்டையைக் குடைந்தது.

"இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? மத்த வாத்தியக்காரங்க எல்லாம் ஒத்தக் கால்ல நின்னதால உங்களை உள்ளே விட்டேன். இந்த அறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு பேஸ் வாசிக்கிற அந்தம்மாகிட்ட. இன்னொண்ணு என் டிராயர்ல. கம்பி மாத்தறேன்னு உடைச்சு வெச்சுட்டு, இப்ப நான் இல்லைன்னு சாதிக்கிறாங்க."

"அவங்களை வந்து பாக்க விட்டீங்களா?"

"எதுக்கு? இன்னொரு தடவை உடைக்கவா?" மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். "ஞாயித்துக்கிழமை கச்சேரி. இன்னிக்குச் சாயங்காலம் ஒத்திகை. மேடையில மைக் போட்டு வெச்சிருக்கேன். எல்லார் முன்னாடியும் 'என் தப்புதான், மன்னிச்சுக்குங்க'ன்னு ஒரே வார்த்தை. சொன்னா குழுவில இருக்கலாம். சொல்லலைன்னா இன்னிக்கே கிளம்பலாம். என் மாப்பிள்ளை எலெக்ட்ரிக் பேஸ் வாசிக்கிறான், அவன் அந்த இடத்துக்கு வருவான். இந்தம்மா வாசிக்கிறதுதான் பின் வரிசைக்குக் கேக்கறதே இல்லையே!"

அண்ணி எழுந்து வாத்தியத்தின் மேல் குனிந்தாள். அப்போது அவளுடைய கைப்பையின் மூடி ஆடி, அதிலிருந்த காந்தப் பித்தான் 'டிக்' என்று போய் ஒரு கம்பியில் ஒட்டிக்கொண்டது. அண்ணி பையைப் பிரித்தாள். மறுபடி வேண்டுமென்றே பக்கத்தில் கொண்டுபோனாள். மறுபடி 'டிக்'. அடுத்த கம்பி. அதிலும் 'டிக்'.

"பைக்குக் கூடப் பாட்டுல ஆசை வந்துடுச்சு" என்றான் வாலு.

அண்ணி சிரிக்கவில்லை. அவள் மேலே, முறுக்காணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிகளின் வால் அங்கே குட்டையாக, குறட்டால் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது. பிறகு அவள் விரல் கீழே இறங்கி, கறுப்புக் கைப்பலகை முடிகிற இடத்தில் நின்றது. தொட்டால் பிசுபிசுத்தது. ஏதோ ஒன்றை ஒட்டிப் பிய்த்தெடுத்த தடம்.

"மாப்பிள்ளை எங்கே இருப்பார் சார்?"

"சாயங்காலம் வருவான். அவனை எதுக்கு இழுக்கறீங்க?" மேனேஜரின் விரல்கள் வேகமாகத் தட்டின.

வெளியே வந்ததும் வாலு கையை உரசினான். "மாப்பிள்ளைதான் அண்ணி. மாமனார் டிராயர்ல சாவி, மாப்பிள்ளைக்கு ஆளில்லாத நாற்காலி. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"கண்ணை மூடிக்கிட்டுதான் சொல்றே. பந்தயம் என்ன?"

"தோத்தா ஒரு மாசம் உங்க வண்டியை நான் கழுவறேன்."

"சரி, ஒரு பழைய துணி எடுத்து வெச்சுக்கோ" என்றாள் அண்ணி.

*

பேஸ் வாசிக்கிற அம்மாளைக் குழுவில் எல்லோரும் பேஸ் அக்கா என்பார்கள். பகலில் அவளும் கணவரும் மருந்துக்கடை நடத்தினார்கள். நல்ல உயரம், நல்ல குரல். அவர்கள் போனபோது ஒரு வாடிக்கையாளரை உலுக்கிக்கொண்டிருந்தாள். "சாப்பாட்டுக்கு அப்புறம்னா சாப்பாட்டுக்கு அப்புறம்தான். வெறும் வயித்துல முழுங்கிட்டு வந்து என்கிட்ட எரியுதுன்னா நான் என்ன பண்றது?"

கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, அவளுடைய சொந்த டபுள் பேஸ் சுவரில் சாய்ந்து நின்றது. பழையது. தோளில் வார்னிஷ் உரிந்துபோயிருந்தது. பயிற்சி எல்லாம் இதில்தான், மேடைக்குக் குழுவின் நல்ல வாத்தியம்.

"மன்னிப்பு கேக்கச் சொல்லி அனுப்பினாரா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"கேட்டுட்டுத்தான் போயேன்" என்றார் கணவர், மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி. "ஒரு வார்த்தை. சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை நீ வாசிக்கலாம். இல்லேன்னா இத்தனை வருஷம் வாசிச்ச இடம் போயிடும்."

"சொல்லிட்டு வாசிச்சா? வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் 'வாத்தியத்தை உடைச்சவ'ன்னுதானே பாப்பாங்க! இடம் போனா போகட்டும். செய்யாத தப்பை என் வாயால ஒத்துக்க மாட்டேன். நீங்க வேணா போய் சொல்லுங்க, உங்களுக்குத்தான் நல்லா வருது."

கணவர் அடுத்த அட்டையைக் கத்தரிக்க ஆரம்பித்தார். வாலுவுக்கு அவர்மேல் பரிதாபமும் அவள்மேல் மரியாதையும் ஒரே சமயத்தில் வந்தன.

அண்ணி கைப்பையின் மூடியைப் பழைய பேஸின் கம்பிகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் ஒட்டவில்லை.

"ஒட்டாது மேடம். இது நரம்பு" என்றாள் பேஸ் அக்கா. "ஆட்டுக் குடல்ல திரிச்சது. கீழ்ஸ்தாயி ரெண்டுக்கும் மேல செம்புச் சுத்து இருக்கும், அதையும் காந்தம் மதிக்காது. சத்தம் கொஞ்சம் அடக்கம்தான். ஆனா அடிச்சா தரையே சேர்ந்து பேசும். நான் ரெண்டு வாத்தியத்துலயும் இதைத்தான் கட்டறேன்."

"அங்கே உடைஞ்சு கிடக்கறதுல காந்தம் ஒட்டுது."

பேஸ் அக்காவின் கை அப்படியே நின்றது. "ஸ்டீல் கம்பியா? என் வாத்தியத்துலயா?" அவள் குரல் ஏறியது. "நான் ஸ்டீலே தொடறதில்லையே! என் நரம்பு நாலும் எங்கே?"

"அங்கே இல்லை. அதுக்கு பதிலா இது இருக்கு" என்று அண்ணி போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். வெட்டிய வால். பிசுபிசுத்த தடம். உள்ளே கிடந்த குச்சி.

குச்சியைப் பார்த்ததும் பேஸ் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று வாலு நினைத்தான். அவளோ பல்லைக் கடித்தாள்.

"படுபாவி. நாலையும் ஒரேயடியா கழட்டியிருக்கான்."

"புரியும்படி சொல்லுங்க."

"இந்தக் குச்சிக்குப் பேரு சவுண்ட் போஸ்ட். மேல் பலகைக்கும் முதுகுக்கும் நடுவில தூணா நிக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. கம்பிங்க அழுத்தற அழுத்தத்துலதான் நிக்குது. அதனால டபுள் பேஸுக்கு ஒரு கம்பியைக் கழட்டி, புதுசைக் கட்டி முறுக்கின அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும். நாலையும் சேர்த்துத் தளர்த்தினா தூண் விழுந்துடும். அது தெரியாம மேல ஸ்டீலைக் கட்டி முறுக்கினா? தூணில்லாத கூரை எத்தனை நேரம் தாங்கும்!"

"அப்ப இதைச் செஞ்சவன் அறியாதவன்."

"அதான் இல்லை மேடம். வேற ஒண்ணு அறிஞ்சவன். எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் மாதிரி கெட்டிக் கட்டைதானே, உள்ளே தூணும் கிடையாது, துரும்பும் கிடையாது. நாலையும் ஒரேயடியா கழட்டித் துடைச்சுட்டு, புதுசு மாட்டி, வாலைக் குறட்டால நறுக்கிடுவாங்க. டபுள் பேஸ்காரங்க வாலை வெட்டறதில்லை, முறுக்காணியில சுத்திதான் விடுவோம். அந்தப் பிசுக்கு பிக்கப் ஒட்டின தடம். கம்பி அதிர்றதைப் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்பற சாமான் அது. காந்த பிக்கப். அதுக்கு ஸ்டீல் இருந்தாத்தான் காது கேக்கும், நரம்பு அதிர்றது அதுக்குத் தெரியாது."

வாலு துள்ளினான். "அண்ணி! எலெக்ட்ரிக் பேஸ்! காந்த பிக்கப்! மாப்பிள்ளை! வண்டியை நீங்களே கழுவுங்க!"

"நீ கொஞ்சம் வாயை மூடு" என்ற அண்ணி பேஸ் அக்காவின் பக்கம் திரும்பினாள். "இந்தத் தூண் விஷயத்தை மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"எங்கே சொல்றது? அறைக்குள்ளேயே விடலையே. உடைச்சுட்டேன்னு முடிவு பண்ணினவர்கிட்ட நின்னு நான் பாடம் நடத்தணுமா?"

"நல்லதாப் போச்சு" என்றாள் அண்ணி. "அப்ப செஞ்சவருக்கு, தான் என்ன தப்பு செஞ்சோம்னு இன்னும் தெரியாது. உங்க பழைய பேஸை ஒரு மணி நேரத்துக்கு இரவல் தருவீங்களா? அதுலயும் தூண் விழுந்தா பரவாயில்லையா?"

பேஸ் அக்கா தன் வாத்தியத்தை ஒருமுறை பார்த்தாள். "இதுல எப்பவுமே கொஞ்சம் தளர்வாத்தான் நிக்கும். கண்டிப்பா விழும். விழுந்தா நாளைக்கு ஆள் வெச்சு நிறுத்திக்கலாம். முறுக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடணும், அவ்வளவுதான்." பிறகு கணவரைப் பார்த்து, "கடையைச் சாத்துங்க. ஒரு பக்கம் பிடிங்க" என்றாள்.

இன்னொரு பக்கம் யார் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. வாலுவின் இடுப்பு அதற்கு அப்புறம் ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

*

ஒத்திகை அரங்கில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் வாசிக்கவில்லை. மேடை நடுவில் ஒற்றை மைக், பேஸ் அக்காவின் உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மேனேஜர் ஏற்பாட்டில் குறை வைக்காத மனிதர்.

"வந்துட்டீங்களா? நல்லது. ஆகட்டும்" என்றார்.

"ஒரு சின்ன விஷயம் சார்" என்று அண்ணி முந்திக்கொண்டாள். அவள் குரலில் இவ்வளவு பணிவை வாலு கல்யாண வீட்டில்கூடக் கேட்டதில்லை. "யார் வாசிச்சாலும் கச்சேரிக்கு டபுள் பேஸ் வேணும். இவங்க சொந்த வாத்தியத்தையே கொண்டு வந்திருக்காங்க. ஆனா இது நரம்பு. நீங்க சொன்ன மாதிரி பின் வரிசைக்குக் கேக்காது. வழியில ஸ்டீல் கம்பி ஒரு செட்டும் காந்த பிக்கப்பும் வாடகைக்கு எடுத்தோம். மாட்டிட்டா எல்லாருக்கும் நிம்மதி. உங்க மாப்பிள்ளை மாட்டுவாரா?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! இதைத்தானே நான் தலையால தண்ணி குடிச்சு சொல்லிக்கிட்டிருக்கேன்! டேய் மாப்பிள்ளை, வா."

மாப்பிள்ளை கழுத்தில் எலெக்ட்ரிக் பேஸைத் தொங்கவிட்டபடி முன்னால் வந்தான். பேஸ் அக்காவைப் பார்த்தான், வாத்தியத்தைப் பார்த்தான். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டான். கழட்டு ராசா, கழட்டு.

"நான் தொட மாட்டேன் மாமா" என்றான் மாப்பிள்ளை.

"என்னடா?"

"எனக்கு இதைப் பத்தித் தெரியாது. தெரியாததைத் தொட்டு அக்கா வாத்தியத்தைக் கெடுக்க மாட்டேன். அதோட இன்னொண்ணும் சொல்லிடறேன். அவங்களைத் துரத்திட்டு குடுக்கிற இடம் எனக்கு வேண்டாம். வீட்டிலயும் சொல்லிட்டேன், உங்க பொண்ணும் சரின்னுட்டா."

அரங்கில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். வாலுவுக்கு வாளியும் துணியும் கண்முன் வந்தன.

மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது. "கம்பி மாட்டத் துப்பில்லை, பேச்சைப் பாரு! நகரு. உன் வயசுல நான் எலெக்ட்ரிக் பேஸைத் தூக்கிக்கிட்டு ஏறாத மேடை கிடையாது. பேஸுன்னா எல்லாம் பேஸுதான்."

சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் குறட்டை எடுத்துக்கொண்டு வாத்தியத்தைப் படுக்க வைத்தார். முதல் முறுக்காணியைத் திருகினார். இரண்டாவது. கம்பிகள் தொளதொளவென்று ஆகின. மூன்றாவது. கணவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, பேஸ் அக்கா அவர் கையை இறுகப் பிடித்தாள். நாலாவது.

குதிரை சாய்ந்தது. வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளே இருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது.

டொக்.

மேனேஜர் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் பயம் இல்லை. நிஜமான ஆச்சரியம் இருந்தது.

"அட, இதுவும் அதே மாதிரி டொக்குங்குதே!" என்றார்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது அவருக்கு. குறடு கையிலேயே நின்றுவிட்டது.

"எது மாதிரி சார்?" என்றாள் அண்ணி. பணிவு எல்லாம் போன இடம் தெரியவில்லை.

மேனேஜர் குறட்டைச் சட்டைப்பைக்குள் ஒளிக்கப் பார்த்தார்.

"நானே சொல்றேன். இந்தம்மா கழட்டியிருந்தா ஒவ்வொண்ணாத்தான் கழட்டியிருப்பாங்க. நாலையும் ஒரேயடியா கழட்டறது எலெக்ட்ரிக் கை. மேசையைத் தட்டறப்போ மத்தவங்க எல்லா விரலையும் உருட்டுவாங்க. நீங்க காலையில ரெண்டே விரலை மாத்தி மாத்தி அடிச்சீங்க. அது எலெக்ட்ரிக் பேஸ்ல கம்பி மீட்டற பழக்கம். விட்டு எத்தனை வருஷமானாலும் விரல் மறக்கலை. ஸ்டீல் கட்டுங்க, பிக்கப் மாட்டுங்கன்னு இவங்களை நச்சரிச்சீங்க. கேக்கலை. ஆள் இல்லாத நேரம் பாத்து, உங்க சாவியால திறந்து, நீங்களே மாட்டிக் காட்டிடலாம்னு இறங்கினீங்க. உள்ளே டொக்குன்னது. என்னன்னு தெரியலை. மேல முறுக்கினீங்க. பலகை உள்ளே போச்சு. பிக்கப்பை மட்டும் பிய்ச்செடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டீங்க."

"அது ஏற்கெனவே உளுத்த மரம்!" மேனேஜர் கத்தினார். "நான் கம்பிதான் மாத்தினேன். இவ ஒழுங்கா பாத்துக்கலை. நான் குழுவோட நல்லதுக்குத்தான்…"

"நல்லதுக்குப் பண்ணினவர் ஏன் சார் பழியை என் தலையில போட்டீங்க?" என்றாள் பேஸ் அக்கா. "என் நரம்பு நாலும் எங்கே? குப்பையிலயா?"

மாமனாரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மாப்பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டான். வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேஸ் அக்கா பக்கம் வந்து நின்றார்கள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. நீயே வாசி. எந்தக் கம்பி வேணுமோ கட்டிக்கோ. இதை இதோட விட்டுடலாம், வெளியில தெரிய வேண்டாம். நமக்குள்ளே என்ன?"

கணவர் ஆசையோடு மனைவியைப் பார்த்தார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதே, தலையாட்டிவிடேன் என்று அவர் கண் கெஞ்சியது.

பேஸ் அக்கா தலையாட்டவில்லை. நேரே மேடை நடுவுக்குப் போனாள். தன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்த மைக்கின் திருகைத் தளர்த்தினாள். ஒரு சாண் இறக்கினாள். மேனேஜரைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கித் திருகை இறுக்கினாள்.

"உங்க உயரத்துக்கு வெச்சிருக்கேன் சார். வாங்க. நான் சொல்லணும்னு நீங்க கேட்ட அதே வார்த்தைதான்."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். யாரும் வழிவிடவில்லை. காலை இழுத்து இழுத்து மைக் முன்னால் வந்து நின்றார். உதடு அசைந்தது, முனகல்தான் வந்தது.

பேஸ் அக்கா கையைக் கட்டிக்கொண்டு அரங்கின் கடைசிக்கு நடந்துபோய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சத்தமா சார்! பின் வரிசைக்குக் கேக்கலை!"